மாவட்டச் சங்கத்திலிருந்து உலகச் சம்மேளனம் வரை: ஓட்டுக் கணக்கு

கட்சிப் பொறுப்பில் இருந்துகொண்டே விளையாட்டு நிர்வாகத்தில் உலக அளவுக்குப் போக நினைப்பவர் முதலில் பிடிக்க வேண்டியது சொந்த மாவட்டச் சங்கத்தை. சரத் பவார் 2001இல் மும்பை கிரிக்கெட் சங்கத் தலைவர், 2005இல் பிசிசிஐ தலைவர், 2010இல் ஐசிசி தலைவர். நடுவில், மத்திய அமைச்சராக இருந்தும், 2004 பிசிசிஐ தேர்தலில் தோற்றார். ஓட்டு சமமானபோது, அப்போதைய பிசிசிஐ தலைவர் டால்மியா போட்ட ஒற்றை ஓட்டுதான் முடிவு செய்தது.

ஈரோட்டிலோ திருப்பூரிலோ உங்கள் விளையாட்டுக்கு ஏற்கெனவே சங்கம் இருந்தால் அதில் உறுப்பினராகுங்கள். கோபத்தில் போட்டிச் சங்கம் ஆரம்பித்தால் அங்கீகாரச் சண்டையிலேயே வருசம் ஓடும், பாதிக்கப்படுவது பிள்ளைகள். சங்கமே இல்லையென்றால் 7 பேர் சேர்ந்து, 1975ஆம் வருசத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம்.

வழக்குக்குப் போகும் தேர்தல்களில் கோளாறு பெரும்பாலும் மினிட் புத்தகத்தில், அதாவது கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில்தான் இருக்கும். "கையெழுத்து அப்புறம் வாங்கிக்கலாமுங்க" என்று விட்ட இரண்டு காலி வரிதான் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையில் ஆயுதம். கூட்டம் முடிந்து டீ வருவதற்குள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அழைப்பை வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை ஒட்டி வையுங்கள். முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில் பொதுக்குழு வைக்காதீர்கள். பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள், கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேராது.

மாநிலச் சங்கத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஓட்டு என்றால் மொத்தம் 38. கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி எல்லாம் சேர்ந்தாலும் 8தான். மதுரை, நெல்லைக்கு இரண்டு வருசம் முன்பிருந்தே போய்வர வேண்டும். அங்கே கேட்பது வாக்குறுதியை அல்ல. நடுவர் பயிற்சி, மேட், போட்டிக்குப் பேருந்துச் செலவு.

உலகச் சம்மேளனங்களில் ஓட்டுரிமை ஒரே மாதிரி இல்லை. உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயில் நாட்டுக்கு ஒரு ஓட்டு; சின்ன நாடும் பெரிய நாடும் சமம். ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் த்வோர்கோவிச் 2022இல் சென்னையில் அதன் தலைவராக மறுபடி ஜெயித்தபோது, துணைத் தலைவராக அவரோடு நின்றவர் நம் ஆனந்த். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிலோ உறுப்பினர்கள் தனித்தனியாக ஓட்டுப் போடுகிறார்கள். ஜிம்பாப்வே விளையாட்டு அமைச்சராக இருந்த கர்ஸ்டி கவென்ட்ரி 2025 தலைவர் தேர்தலில் 97 ஓட்டில் 49 வாங்கி முதல் சுற்றிலேயே ஜெயித்தார். நீச்சலில் 7 ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் அவர்.

பவார் போன வழி இன்று கிரிக்கெட்டில் அடைபட்டுவிட்டது: 2016 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அமைச்சர்கள் பிசிசிஐ பதவியில் இருக்க முடியாது. மற்ற விளையாட்டுகளிலும் மனு போடும் முன் சம்மேளன விதியில் வயது, பதவிக்கால வரம்புகளை வரிவரியாகப் படியுங்கள். ஜெயித்த பிறகு கட்சி ஆட்களைத் தேர்வுக் குழுவில் நுழைக்க வேண்டாம். வெளித் தலையீடு என்று சொல்லித்தான் ஃபிஃபா 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தைத் தடை செய்தது. தடை நீங்க 11 நாள் போலானது.