ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆல்-சீசன் டயர்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் பல வருட ஆசையாக ஒரு மஸ்டாங் ஜிடி வாங்கினார். பழைய வண்டிதான், ஆனால் 'பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்' உள்ளது. ஜூலையில் கைக்கு வந்தது, அக்டோபர் வரை ஒரு குறையும் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு காலை. மழை இல்லை, பனி இல்லை, சாலை காய்ந்து கிடந்தது. சிக்னலில் வலப்பக்கம் திரும்பிக் கொஞ்சம் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பாகம் தனியாக நடந்துபோய் நடைபாதை விளிம்பில் முட்டியது. வீலில் ஒரு கீறலோடு தப்பித்தார். "கார்ல ஏதோ கோளாறுங்க" என்று எனக்கு போன். காரில் கோளாறு எதுவும் இல்லை. அன்று காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. வண்டியில் மாட்டியிருந்ததோ கோடை டயர்.

அன்றிரவே இருவரும் ஆல்-சீசன் டயர் தேட உட்கார்ந்தோம். அவர் செய்யப் பார்த்த தவறுகளையும், அவருக்கு முன்பே நான் காசு கொடுத்துச் செய்த தவறுகளையும் சேர்த்தால் இந்தக் கட்டுரை.

பெயரை நம்புவது

முதல் தவறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 'ஆல்-சீசன்' என்பது விற்பனைக்காக வைத்த பெயர். 1977-ல் குட்இயர் நிறுவனம் 'டியெம்போ' என்ற டயரை இறக்கியபோது இந்த வகை பிரபலமானது. வருடத்துக்கு இரண்டு முறை டயர் கழற்றி மாட்டும் தொல்லை போகும் என்பதுதான் அமெரிக்கர்களை இழுத்தது. தொல்லை போனது உண்மை. ஆனால் எல்லாப் பருவத்திலும் சமமாகப் பிடிக்கும் ரப்பர் என்று ஒன்று கிடையாது.

ரப்பர் கலவை ஒரு சமரசம். கோடை டயரின் கலவை வெயிலில் சாலையை அள்ளிப் பிடிக்கும், குளிரக் குளிர விறைத்துப்போகும். சுமார் 7 டிகிரி செல்சியஸ் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஸ்விட்ச் போட்டு அணைத்த மாதிரி நடப்பதில்லை. அதற்குக் கீழே பிடிப்பு படிப்படியாகக் குறைகிறது, பூஜ்யத்தை நெருங்கும்போது காய்ந்த சாலையிலேயே தெரிகிறது. நண்பருக்கு நடந்தது அதுதான். இன்னும் கீழே, மைனஸ் 7 வாக்கில், அதிவேகக் கோடை டயர்களின் ட்ரெட்டில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் பரப்பில், வெடிப்பே விழக்கூடும் என்று டயர் நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. ஹீட்டர் இல்லாத கராஜில் நிற்கும் வண்டியை "சும்மா கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன்" என்று ஜனவரியில் உருட்டுவதும் அதனால்தான் ஆபத்து.

ஆல்-சீசன் கலவை இந்தக் குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும். கூடவே ட்ரெட் கட்டிகளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும், அவை பனியைக் கவ்வும். அதே கீறல்கள் கோடையில் வேகமாக வளையும்போது ட்ரெட்டை நெளிய வைக்கும். ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி அரை நொடி யோசிப்பதுபோல் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் வருத்தப்படுவது இந்த அரை நொடிக்காகத்தான்.

பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது

டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று பொருள். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த எழுத்துகளுக்கு ட்ரெட்டின் வடிவமைப்பு மட்டுமே அளவுகோல். பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் அதற்குத் தேவையில்லை. சோதனை முடித்து வாங்கும் சின்னம் வேறு: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்க முறையில் அந்தச் சோதனை அளப்பது, இறுகிய பனியில் டயர் எவ்வளவு இழுக்கிறது என்பதை. ஐஸில் பிரேக் போட்டால் என்ன ஆகும், வளைவில் என்ன ஆகும் என்பதையெல்லாம் அது சொல்லாது.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அதிகம் விற்கும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 ப்ளஸ் இரண்டிலும் எம்+எஸ் உண்டு, மலைச் சின்னம் கிடையாது. மலைச் சின்னம் உள்ள மிஷெலின் கிராஸ்க்ளைமேட் 2 பனியில் இவற்றைவிட நம்பகமானது, ஆனால் குடும்பக் காருக்காகச் செய்த டயர் அது. மஸ்டாங்கில் மாட்டினால் ஸ்டியரிங்கின் கூர்மை போய்விடும். எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுதான் அவருக்குச் சிறந்த டயர்.

மழைக்காகத்தான் ஆல்-சீசன் என்று நினைப்பது

"மழை பெய்யுமே, அதனால ஆல்-சீசன் போட்டுடுவோம்." இதை இந்தியாவிலிருந்து பேசும் சொந்தக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். கோடை டயர் என்றால் காய்ந்த சாலைக்கு மட்டும் என்ற தப்பான எண்ணம் இது. வெதுவெதுப்பான மழையில் நல்ல கோடை டயர்தான் ஆல்-சீசனைவிட சீக்கிரம் நிறுத்தும். ஆல்-சீசன் ஜெயிக்கும் இடம் குளிர். சென்னையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஆல்-சீசன் தேடி அலைய வேண்டியதே இல்லை.

தண்ணீரில் டயர் மிதப்பது வேறு விஷயம். ட்ரெட் தேய்ந்திருந்தால், காற்று குறைந்திருந்தால், வேகம் கூடினால் எந்த டயரும் மிதக்கும். அகலமான டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும்.

ஊரைப் பார்க்காமல் வாங்குவது

டாலஸில் இருக்கும் தம்பி ஒருவர் சொன்ன டயரை டொராண்டோவில் இருப்பவர் வாங்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் கேட்பதில்லை.

டாலஸ், அட்லாண்டா, சார்லட் போன்ற ஊர்களில் குளிர் வரும், போகும். பனி கொட்டும் நாள் எப்போதாவது ஒன்றிரண்டு. அதிவேக ஆல்-சீசன் டயருக்கென்றே அமைந்த ஊர்கள் அவை. நியூ ஜெர்சி எல்லைக்கோடு: ஜனவரியின் சராசரி பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பனி சில முறை வரும், சாலையைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடுவார்கள். பனி விழும் நாளில் காரை வீட்டில் விட முடிந்தால் ஆல்-சீசன் போதும். முடியாதென்றால் போதாது.

டொராண்டோவில் என் பதில் வேறு: கோடைக்கு ஒரு செட், பனிக்காலத்துக்கு ஒரு செட், இரண்டும் தனித்தனி வீலில். அந்த ஊர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி டயர் கட்டாயமில்லை, ஆனால் 2016-லிருந்து அதைப் போட்டவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும். மான்ட்ரியால்காரர்களுக்கு யோசிக்கவே இடமில்லை. அவர்களுடைய கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டம், மலைச் சின்னம் இருந்தால்தான் அது பனி டயர். எம்+எஸ் மட்டும் உள்ள விலை உயர்ந்த ஆல்-சீசனோடு போனால் அபராதம்தான்.

இரண்டு செட் என்றதும் "டபுள் செலவு" என்பார்கள். ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கிறதே. கூடுதலாக ஆவது வீல் செலவும், மாற்றும் கூலியும், வைக்க இடமும்தான். அபார்ட்மென்டில் இருப்பவருக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய தலைவலி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பனிக்காலத்துக்குச் சின்ன வீல் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்போர்ட்ஸ் காரின் பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அந்த வீலுக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள்.

ஆல்-சீசன் போட்டால் ஸ்போர்ட்ஸ் காருக்கே அவமானம் என்று ஒரு கூட்டம் உண்டு. 2020 மாடலில் வந்த, இன்ஜின் நடுவில் இருக்கும் கார்வெட்டின் அடிப்படை மாடலே ஆல்-சீசன் டயரோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. வேக ஓட்டத்துக்கான இசட்51 பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு மட்டும் கோடை டயர்.

எண்களில் ஏமாறுவது

நண்பரின் வண்டிக்கு முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கவாட்டின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் வீலின் விட்டம். "நாலும் 255 போட்டால் மலிவு, முன்பின் மாற்றியும் ஓட்டலாம்" என்றார் கடையில் ஒருவர். கணக்குப் போட்டோம். 255-இன் மொத்த உயரம் சுமார் 687 மில்லிமீட்டர், 275-இன் உயரம் சுமார் 703. பின் சக்கரம் 2 சதவீதத்துக்கு மேல் சின்னதாகும், இழுக்கும் சக்கரத்தில் ரப்பரும் குறையும். பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டியில் சிலர் தெரிந்தே இப்படிச் செய்கிறார்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்பின் விகிதத்தை மாற்றினால் முன்பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃபரென்ஷியலோ கிளட்சோ ஓயாமல் உழைத்துச் சூடாகும். அங்கே ஒரு டயர் பஞ்சரானாலும், மற்ற மூன்றின் தேய்மானத்தைப் பொறுத்து நான்கையும் மாற்ற வேண்டி வரலாம். போர்ஷே வைத்திருப்பவர்கள் டயரில் 'என்' குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது வீண் பந்தா இல்லை. அந்தக் காருக்கென்றே சோதித்து ஏற்றுக்கொண்ட டயர் என்று அதற்குப் பொருள்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் சுமையும் வேகமும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள சுமை எண்ணுக்குக் கீழே மட்டும் போகவே போகாதீர்கள். எழுத்தில் வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300. "நான் என்ன 300-லயா போகப்போறேன்?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது, மேல் எழுத்து டயர்களின் கட்டுமானம் பெரும்பாலும் விறைப்பாகவும் இருக்கும். ஒய்யிலிருந்து டபிள்யூவுக்கு இறங்கினால் சாலையில் பெரிதாகத் தெரியாது. 210 கிலோமீட்டருக்கான எச் வரை இறங்கினால் வண்டி தொளதொளவென்று ஆகும்.

டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண் இன்னொரு பொறி. பைலட் ஸ்போர்ட் 4எஸ் கோடை டயருக்கு 300, அதே கம்பெனியின் ஆல் சீசன் 4-க்கு 540, கான்டினென்டலின் டிடபிள்யூஎஸ் 06 ப்ளஸுக்கு 560. 560 என்பது 540-ஐவிட அதிகம் உழைக்கும் என்று நண்பர் உடனே முடிவு கட்டினார். இந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் டயருக்குத் தானே கொடுத்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் தராசாகப் பிடிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் 'ஏஏ' என்ற தரமும் ஈரச் சாலையில் நேராகப் பிரேக் போட்டால் கிடைக்கும் பிடிப்பை மட்டும் சொல்வது. வளைவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, பனியைப் பற்றியும் இல்லை.

முன்பின் அளவு வேறாக இருந்தால் டயரை முன்னுக்குப் பின் மாற்றி ஓட்ட முடியாது, பின் ஜோடி சீக்கிரம் தேயும். அதற்காகவே அப்படிப்பட்ட வண்டிகளின் பின் டயருக்கு உத்தரவாத மைலைப் பாதியாக்கும் நிறுவனங்கள் உண்டு. வாங்கும்போதே அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

பாதி மட்டும் மாற்றுவது

இது நான் செய்தது. பழைய காரில் பின் சக்கரத்தில் கோடை டயர் நன்றாக இருந்ததால், முன்னால் மட்டும் இரண்டு ஆல்-சீசன் போட்டேன். குளிரில் முன்பாகம் சொன்னபடி திரும்பும், பின்பாகம் அதோடு வராது. ஒரு ஈரமான எக்ஸிட் வளைவில் கார் முக்கால் சுற்று சுற்றி நின்றது, பின்னால் யாரும் வராததால் இதை எழுதுகிறேன். வகையைக் கலக்காதீர்கள்: நான்கும் ஒரே வகை. ஒரே வகையில் இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்பக்கம், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும்.

போட்ட பிறகு மறந்துவிடுவது

பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயரில் காற்றழுத்தம் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். 70 டிகிரி கராஜில் சரியாக நிரப்பிய டயர், வெளியே 20 டிகிரி காலையில் ஐந்து பிஎஸ்ஐ குறைவாக ஓடும். காற்று குறைவு என்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் சென்சார் பழுது என்று நினைத்துக் கறுப்பு டேப் ஒட்டியவரை எனக்குத் தெரியும்.

சட்டப்படி பல மாநிலங்களில் ட்ரெட்டின் ஆழம் 2/32 அங்குலமாகக் குறையும் வரை தேயலாம். பனிக்கு அது எந்த மூலைக்கு? 5/32-க்குக் கீழே போனால் பனியில் ஆல்-சீசன் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த கான்டினென்டலில் எனக்குப் பிடித்த விஷயம் இது: ட்ரெட்டிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். காய்ந்த சாலை, ஈரம், பனி. தேயத் தேய முதலில் எஸ் அழியும்.

டெலிவரி வந்த அன்று பக்கவாட்டில் தேதியையும் பார்த்தோம். கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். மூன்று டயர் சரியாக இருந்தன. நான்காவது அவற்றைவிட மூன்று வருடம் மூத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியது வரும் வரை ஒன்பது நாள் நண்பர் மனைவியின் காரில் ஆபீஸ் போனார்.