காணாமல் போன ஒற்றைக் காரைத் தேடுவது எப்படி

முதலில் காரைத் தேடாதீர்கள். அதைக் கழித்துக்கட்டியது யார் என்று தேடுங்கள். கண்காட்சிக்கென்று ஒன்றே ஒன்றாகச் செய்த கார், விளக்குகள் அணைந்ததும் கம்பெனிக்கு இடத்தை அடைக்கும் சுமைதான். 1955 மோட்டோராமா கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்திய லாசால் 2, செவர்லே பிஸ்கேன் இரண்டும் கடைசியில் மிச்சிகனில் வார்ஹூப்ஸ் என்ற காயலான் கடைக்குப் போயின. உடைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் 1980களின் இறுதியில் ஜோ போர்ட்ஸ் என்ற சேகரிப்பாளர் அவற்றை அங்கிருந்துதான் வாங்கினார். பிஸ்கேன் துண்டுகளாகக் கிடந்தது, கிடந்ததே பெரிது. ஆகவே 'அழிக்கவும்' என்ற தாளைக் கண்டதும் கோப்பை மூடிவிடாதீர்கள். காயலான் கடைக்காரருக்கும் கண் உண்டு.

பழைய புகைப்படத்தில் உள்ள நிறத்தை நம்பிப் போகாதீர்கள். இத்தாலியின் டூரின் நகரத்தில் கியா பட்டறை (கொரியக் கம்பெனி அல்ல, இது வேறு) 1955இல் கட்டிய லிங்கன் ஃப்யூச்சரா வெளிர் நிறத்தில் பிறந்தது. ஒரு திரைப்படத்துக்காகச் சிவப்பானது. 1966இல் தொலைக்காட்சியில் பேட்மேனின் கறுப்புக் காரான பேட்மொபைலாக வந்து நின்றது. நிறமும் விளக்கும் மாறும்; கண்ணாடியின் சரிவையும் சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தையும் அளந்து பாருங்கள்.

சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) எண் மட்டும் போதாது. இத்தகைய கார்கள் பல, சாதாரண காரின் சேஸிஸ் மேல் கட்டப்பட்டவை. பதிவேட்டில் சாதாரண காராகவே இருக்கும். நான் டிங்கர் பட்டறையில் வளர்ந்தவன், அதனால் கதவின் உள்பட்டையைக் கழற்றச் சொல்வேன். வெளிப்புறம் அரம் போட்டு வழவழப்பாக்கியிருப்பார்கள். உள்பக்கத்தை விரலால் தடவினால் சுத்தியல் தட்டிய பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்படும். அச்சில் அடித்த தகட்டில் அது இருக்காது. கீல்களிலும் பானெட்டின் அடியிலும் பட்டறைக்காரர் குத்திய வேலை எண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டைச் சுரண்ட அவசரப்படாதீர்கள்.

சில தேடல்களுக்கு ஆவணமே முடிவு சொல்லிவிடும். அமெரிக்கக் கம்பெனி கிரைஸ்லருக்காக அதே கியா கட்டிய நார்ஸ்மேன் காருக்கு முன்கண்ணாடி ஓரத்தில் தூணே கிடையாது. கூரை முழுவதும் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி நீண்டு நின்றது. அமெரிக்காவுக்கு ஆண்ட்ரியா டோரியா கப்பலில் ஏற்றினார்கள். 1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டக்கெட் தீவு அருகே ஸ்டாக்ஹோம் கப்பல் மோதியது; மறுநாள் காலை கப்பலோடு காரும் மூழ்கியது. ஆழம் ஏறக்குறைய 70 மீட்டர். பல ஆண்டுகள் கழித்து உள்ளே போன ஒரு மூழ்காளர், துருப்பிடித்து உருக்குலைந்த மிச்சத்தைப் பார்த்ததாகச் சொன்னார்.

எனவே நார்ஸ்மேனின் கைப்பிடி என்று யாராவது விலை பேசினால், எடுத்தவர் யார், எந்த ஆண்டு, கப்பலின் எந்தச் சரக்கறை என்று கேளுங்கள். தடுமாறினால் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.