கறுத்தக்கொழும்பான் வாசம் குப்பிக்குள் போய்ச்சேர

ஜீசீ-எம்எஸ் (வாசச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் மெசின்) பகுப்பாய்வுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழ மாதிரி தயாரிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். மெசினை இயக்குவது ஆய்வுகூடத்தில் காட்டித் தருவார்கள். பழத்தில் கத்தி படுவதற்கும் குப்பி மூடுவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் உங்கள் பொறுப்பு.

வெட்டியவுடன் இருக்கிற வாசம் பறக்கத் தொடங்கும். அதோடு கலங்கள் உடைய, லிப்பொக்சிசனேசு போன்ற நொதியங்கள் வேலை செய்து, எக்சனல் போன்ற பச்சைவாசச் சேர்மங்களைப் புதிதாக உண்டாக்கும். அவை பழத்தின் வாசமல்ல, உங்கள் கத்தியின் வாசம். இரண்டையும் தடுப்பது குளிர் ஒன்றுதான். வெதுப்படுப்பில் (oven) காயவைக்க வேண்டாம். உறையவைத்து உலர்த்தும் மெசினும் வேண்டாம். அதன் வெற்றிடம் தண்ணீரோடு வாசத்தையும் இழுத்துவிடும்.

1. தோல் சீவி, சிறு துண்டாக வெட்டி, உடனே திரவ நைதரசனில் (−196 பாகை செல்சியஸ்) போடுங்கள். யன்னல்கள் திறந்திருக்கட்டும், ஒரு லீட்டர் திரவம் ஏறக்குறைய 700 லீட்டர் வாயுவாகி அறையின் ஒட்சிசனைத் தள்ளிவிடும்.

2. முன்கூட்டியே குளிர்வித்த உரலில், நைதரசன் விட்டு விட்டு மாப்போல இடியுங்கள். மின் கிரைண்டரை விட எனக்கு உரல்தான் பிடிக்கும். கிரைண்டரின் அலகு சூடாகும்.

3. நிறுப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். யாழ்ப்பாணத்து ஈரக்காற்றில் உறைந்த தூள் கண்முன்னே பனி பூக்கும். தராசில் எண் ஏறிக்கொண்டே போகும். இரண்டு கிராம் சரியாக வரவேண்டும் என்று கரண்டியால் போட்டும் எடுத்தும் கொண்டிருந்தால் தூள் இளகி, ஓரத்தில் மஞ்சள் ஈரம் தெரியும். அதற்குமேல் அது உதவாது. 20 மில்லிலீட்டர் குப்பியில் 5 மில்லிலீட்டர் நிறைவுற்ற உப்புக்கரைசலை முதலே விட்டு, மூடியோடு நிறுத்து வையுங்கள். குளிர்ந்த கரண்டியால் ஒரே தரம் தூளைப் போட்டு, மூடி, மறுபடி நிறுங்கள். வித்தியாசம்தான் மாதிரியின் நிறை. 1.9 கிராமோ 2.2 கிராமோ வரட்டும், கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். தூளில் திரவ நைதரசன் மிஞ்சியிருக்கும்வரை மூட வேண்டாம், குப்பி வெடிக்கும்.

உப்பு 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 36 கிராம் கரையும். அது நொதியங்களை மந்தமாக்கும், வாசத்தையும் நீரிலிருந்து மேல்வெளிக்கு (குப்பிக்குள் கரைசலுக்கு மேலே உள்ள காற்றிடம்) தள்ளும். ஆனையிறவு உப்பு கறிக்கு அருமை. இதற்குப் பகுப்பாய்வுத் தர உப்பே வேண்டும். மாம்பழத்தில் இல்லாத ஒரு சேர்மத்தை அக நியமமாக (ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்ப்பது) கரைசலிலேயே கலந்துவிடுங்கள். தூள் இல்லாத வெற்றுக்குப்பி ஒன்றும் கட்டாயம் ஓட்டவேண்டும்.

4. அன்றே ஓட்ட முடியாவிட்டால், தூளை அலுமினியத் தாளில் சுற்றிக் கண்ணாடிக் குப்பியில் −80 பாகையில் வையுங்கள். பொலித்தீன் பை தேர்ப்பீன்களை (மாம்பழ வாசத்தின் முக்கிய சேர்மங்கள்) உறிஞ்சும். வீட்டு பிரிட்ஜின் −20 பாகையில் நொதியங்கள் முழுதாக உறங்காது. வெளியூருக்கு அனுப்புவதென்றால் ரிஜிபோம் பெட்டியில் உலர்பனி (உறைந்த காபனீரொட்சைட்டு, −78.5 பாகை) போதும், ஆனால் வாயு வெளியேற வழி விடுங்கள்.

குப்பியின் மேல்வெளியில் உள்ள வாசத்தைப் பிடிக்க நான் விரும்புவது எஸ்பிஎம்ஈ இழை, அதாவது வாசச் சேர்மங்களை உறிஞ்சும் பூச்சுள்ள மெல்லிய இழை. 1990 அளவில் கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் யானுஷ் பாவ்லிஷின் கொண்டுவந்த முறை, கரைப்பானே தேவையில்லை. குப்பியை 40 பாகையில் வைத்து, இழையை மேல்வெளியில் 30 நிமிடம் விடுவது என்று தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை: கருவேப்பிலைக்கும் இதே முறைதானா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், ஆனால் ஈர்க்கிலிருந்து இலையை உருவிக்கொண்டிருக்க வேண்டாம். கசங்கினாலே பச்சைவாசம் பிறந்துவிடும். ஈர்க்கோடு நைதரசனில் அமிழ்த்துங்கள். உறைந்தபின் தட்டினால் இலை தானாக உடைந்து விழும்.