பூஞ்சை வாடையைப் பங்குனி வெயிலில் போக்கிய அனுபவம்

புதுச்சேரியில் கடற்கரைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் துணி அலமாரியிலும் மெத்தையிலும் தங்கி, மாசி வரை பூஞ்சை வாடையாக நீடித்தது. வாசனைத் திரவம் வாடையை மறைக்குமே தவிர, ஈரத்தை அகற்றாது. ஆகவே பங்குனி பிறந்ததும் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நகர்த்தி, பின்பலகையில் படிந்திருந்த பூஞ்சையை, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சோப்பு நீரால் துடைத்து நன்கு உலரவிட்டேன். மெத்தையையும் தலையணைகளையும் மொட்டைமாடியில் இருபுறமும் திருப்பிக் காயவைத்தேன். பிற்பகலில் வீசும் கடற்காற்று ஈரப்பதம் மிக்கது என்பதால், அதற்கு முன்பே அவற்றை உள்ளே எடுத்துவிடுவது மிக முக்கியம். துணிகளுக்கிடையே உலர்ந்த வேப்பிலை வைத்தேன். அது பூச்சிகளுக்காக மட்டுமே. வாடை நீங்கியபின் என் உறக்கம் சீரானது, காலைத் தும்மலும் குறைந்தது. இப்போது சித்திரை முதல் நாள் ரசத்துக்கான வேப்பம்பூவையும் அதே மாடியில் உலர்த்துகிறோம்.