நடுவில் ஒருமுறை எட்டிப் பார்ப்பதானால் எத்தனை நோயாளிகள் வேண்டும்?

மருத்துவச் சோதனையின் முடிவை நடுவில் பார்ப்பதாக இருந்தால், சாம்பிள் சைஸ் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பி மதிப்புக்கு (மருந்தில் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமாவது வரும் வாய்ப்பு) ஒவ்வொரு தடவையும் 0.05-ஐயே வரம்பாக வைத்தால், பலனே இல்லாத மருந்துக்கும் ‘வித்தியாசம் உண்டு’ என்று வரும் வாய்ப்பு 2 பார்வையில் 8.3 சதவீதம், 5 பார்வையில் 14.2.

முதலில் இடைப்பார்வையே இல்லாததுபோல் கணக்கிடுங்கள். வழக்கமான சிகிச்சையில் 28 நாள் இறப்பு 30 சதவீதம், புது மருந்தில் 20 என்று எதிர்பார்ப்பு. இருபக்க ஆல்பா (பலனில்லாதபோதும் ‘வித்தியாசம் உண்டு’ என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு) 0.05, பவர் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 90 சதவீதம் என்று வைப்போம். இவற்றுக்குரிய எண்கள் 1.96, 1.28. (1.96 + 1.28)² × (0.3×0.7 + 0.2×0.8) ÷ 0.1² போட்டால் குழுவுக்கு 389 பேர்.

பாதியில் ஒரே பார்வை என்றால் ஓபிரையன்-ஃப்ளெமிங் முறையில் (நடுவில் நிறுத்த வரம்பு மிகக் கடுமை, கடைசியில் கிட்டத்தட்ட வழக்கமானதே) இதை 1.007-ஆல் பெருக்க வேண்டும்: 392. போகாக் முறையில் (எல்லாப் பார்வைக்கும் ஒரே வரம்பு) 1.10: 428. செலவு மட்டுமல்ல, போகாக்கில் கடைசி வரம்பும் 0.0294தான். கடைசியில் பி 0.04 வந்தும் ‘தோல்வி’ என்று டாக்டர்களிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஓபிரையன்-ஃப்ளெமிங்கில் அது 0.048.

10 சதவீதம் பேர் பாதியில் விலகுவார்கள் என்றால் 0.9-ஆல் வகுங்கள்: 436. பலர் 1.1-ஆல் பெருக்கி 432 எழுதுவார்கள். விலகியவர்கள் போக 392 தேறாது.

இடைப்பார்வை குழுவுக்கு 196 பேரில். சேர்ந்தவர்கள் அல்ல, 28 நாள் முடித்தவர்கள். மாதம் 30 பேர் சேரும் சோதனையில், அந்த 28 நாளும் தரவைச் சரிபார்க்க ஒரு மாதமும் போவதற்குள் இன்னும் 60 பேர் உள்ளே வந்திருப்பார்கள். சேர்க்கை வேகமாகவும் விளைவு தெரிய ஓராண்டும் ஆகும் சோதனையில் நிறுத்துவதற்கு ஆளே மிச்சமிருக்காது. அங்கே இடைப்பார்வை வீண்.

அந்தப் பார்வையில் இறப்பு வழக்கமான சிகிச்சையில் 59, புது மருந்தில் 36 (59-க்கு 36) என்று வந்தால் இசட் (வித்தியாசம் அதன் தற்செயல் ஏற்ற இறக்கத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 2.71. ஓபிரையன்-ஃப்ளெமிங் வரம்பு 2.797 (பி 0.0052), தொடர வேண்டும். 60-க்கு 36 என்றால் 2.82, நிறுத்தலாம். ஒரே ஒரு இறப்புதான் வித்தியாசம்! அதனால்தான் இந்த எண்களைச் சோதனை நடத்துபவர்கள் பார்க்கக் கூடாது. சோதனையோடு தொடர்பில்லாத சுயேச்சையான கண்காணிப்புக் குழு மட்டுமே பார்க்க வேண்டும்.

சரியாக 196-இல் பார்வை அமைவது அபூர்வம். 210-இல் பார்த்தால் 2.797 செல்லாது. எத்தனை பேரின் தரவு வந்ததோ அதற்கேற்ப ஆல்பாவைச் செலவிடும் லான்-டெமெட்ஸ் முறையைச் சோதனைத் திட்ட ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். ஆனால் கவனம்: அதன் ஓபிரையன்-ஃப்ளெமிங் வகையில் பாதியில் வரம்பு 2.963. மேலே சொன்ன 60-க்கு 36 அங்கே நிறுத்தப் போதாது. ‘ஓபிரையன்-ஃப்ளெமிங்’ என்று மட்டும் எழுதினால் எது என்று தெரியாது. வரம்பு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.