தூரிகையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: பாரம்பரியப் பட்டம் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரம்பரியப் பட்டம் கட்டக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பாதிப் பேர் முதல் நாளே தூரிகையும் வண்ண டப்பாவுமாகத்தான் வருகிறார்கள். ஜப்பானின் எடோ பட்டத்தையோ மலேசியாவின் வாவ் பூலானையோ எங்கோ படத்தில் பார்த்து மயங்கி, அதே மாதிரி ஒன்று கட்டிவிட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே இடத்தில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மின்கம்பி, மழை, நூல் சிக்கல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்திலிருந்து தொடங்குவது

சீனப் பட்டக் கலையில் நான்கு வேலைகளை வரிசையாகச் சொல்வார்கள்: கட்டுதல், ஒட்டுதல், வரைதல், பறக்கவிடுதல். வரைவது மூன்றாவது. மூங்கில் குச்சிகளால் கட்டும் சட்டம் சரியாக அமையாத வரை தூரிகைக்கு வேலையே இல்லை.

ஒளி புகாத வண்ணம்

சரி, எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். அக்ரிலிக், போஸ்டர் கலர் போன்றவற்றை எடுத்து, சுவரில் மாட்டப்போகும் ஓவியம் போலக் காகிதத்தின் மேல் தடித்துப் பூசுவது.

சுவர் ஓவியத்துக்கு வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது. பட்டத்துக்குப் பின்னால் இருப்பதோ வெளிச்சமான வானம், பல நேரம் சூரியனும் அந்தப் பக்கமே இருக்கும். நாம் கீழே நின்று பார்க்கும் நிறம், காகிதத்தை ஊடுருவி வருகிற ஒளியின் நிறம். அந்த ஒளியை வண்ணம் அடைத்துவிட்டால் சிவப்பும் கறுப்புதான், மஞ்சளும் கறுப்புதான்.

ஒரு பெண் ரொக்காக்கு கட்டிக்கொண்டு வந்தார். ஜப்பானில் சான்ஜோ பகுதியின் அறுகோணப் பட்டம் அது, போர்வீரன் முகம் வரைவது அங்கே வழக்கம். வாரக்கணக்கில் உழைத்திருக்கிறார், கையால் செய்த விலையுயர்ந்த காகிதம் வேறு. முகத்தில் அப்படியொரு உக்கிரம், தாடியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. மைதானத்தில் தூக்கிப் பிடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். மெல்லிய காற்றில் அது எழும்பவே இல்லை, வண்ணத்தின் கனம் அப்படி. காற்று வலுத்த பிறகு ஒருவழியாக மேலே போனது, போனதும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் தாடியின் நிழலை அந்தப் பக்கம்தான் அடுக்கடுக்காகப் பூசியிருந்தார். அப்புறம் முகம்? முகமே இல்லை. வானத்தில் ஒரு கறுப்பு அறுகோணம் மட்டும். அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சி வகுப்பில் அக்ரிலிக் டப்பாவை அவர்களே கையில் கொடுத்தார்களாம். தாளை ஒரு தடவையாவது ஜன்னலுக்கு எதிரே பிடித்துக் காட்டியிருக்க வேண்டாமா? ஒரு நிமிட வேலை அது!

பழைய கைவினைஞர்கள் இதை எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எடோ பட்டத்தில் கறுப்பு மையால் தடித்த எல்லைக்கோடு போட்டு, உள்ளே ஒளி புகும் சாயத்தை நிரப்புவார்கள். ஜப்பானில் உருக்கிய மெழுகால் கோடு இழுத்துச் சாயம் கலக்காமல் தடுக்கிற முறையும் உண்டு, மெழுகு ஏறிய இடம் வெளிச்சத்தில் இன்னும் பளிச்சென்று தெரியும். அகமதாபாத்தில் உத்தராயண் என்கிற பட்டத் திருவிழாவுக்குக் கட்டும் பட்டங்களில் நிறத்தைப் பூசுவதே அபூர்வம், வண்ண மெல்லிழைத்தாளை (டிஷ்யூ பேப்பர்) வெட்டி ஒட்டிவிடுவார்கள். குவாத்தமாலாவில் சான்டியாகோ சகாத்தேபெகெஸ், சும்பாங்கோ ஊர்களில் நவம்பர் 1-ஆம் தேதிக்காகச் செய்யும் ராட்சதப் பட்டங்களும் அப்படியே, அத்தனை நுணுக்கமான சித்திரங்களும் மெல்லிழைத்தாள் துண்டுகளால் ஆனவை. அந்தச் செய்முறையை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வாவ் பூலான் மட்டும் வேறு வழியில் போகிறது. அதன் மேல் அடுக்கடுக்காக ஒட்டுகிற பூவேலை ஒளி ஊடுருவுவதை நம்பியிருப்பதில்லை, கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் முழு அழகு. உயரத்தில் அதைக் காட்டிக்கொடுப்பது பிறைநிலா வடிவ வால். நிழலுருவாகத் தெரிந்தாலும் அது வாவ் பூலான்தான். உங்கள் பட்டத்தின் வடிவத்துக்கு அந்த வலு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாயத்துக்கு வந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சட்டம் தயாரான பிறகு, ஆனால் அதில் ஒட்டுவதற்கு முன்பே தாளில் வரையுங்கள்; சீன வரிசையிலிருந்து இங்கே மட்டும் விலகுகிறோம், ஏனென்றால் ஒட்டிய பிறகு ஈரம் பட்டால் தாள் சுருங்கிச் சட்டத்தை இழுக்கும். ஒரு நிறம் காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். நுணுக்கமான இழைகளைக் குறையுங்கள், அந்த உயரத்தில் தடித்த கோடு மட்டும்தான் கண்ணுக்கு எட்டும்.

மூங்கிலைக் கண்ட பக்கம் சீவுவது

மூங்கிலின் வலு அதன் தோல் பக்கத்தில் இருக்கிறது. வழவழப்பாக இருக்கட்டும் என்று அதையே சீவி எறிந்துவிட்டு, குச்சி ஏன் தொய்கிறது என்று கேட்கிறார்கள். உட்பக்கத்தைச் சீவுங்கள். இடமும் வலமும் ஒரே மூங்கிலிலிருந்து வரட்டும், கணுக்கள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் அமையட்டும். நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் எந்தப் பக்கம் கனம் என்று குச்சியே சொல்லிவிடும். மூங்கில் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள், ஜப்பானின் வடக்கே சுகாருவில் மூங்கில் அரிது என்பதால் ஹிபா மரத்தையே மெல்லிய பட்டைகளாக்கிச் சட்டம் செய்தார்கள், அதுவும் பாரம்பரியம்தான்.

உறுப்பை அலங்காரம் என்று நினைப்பது

கொரியாவின் பாங்பே யோன் செவ்வகப் பட்டம், நடுவில் வட்டத் துளை இருக்கும். அந்தத் துளை படத்தைக் கெடுக்கிறது என்று தாள் ஒட்டி மூடியவரைப் பார்த்திருக்கிறேன். வலுத்த காற்றுக்கு வழிவிடுவதே அந்தத் துளைதான், அதை மூடினால் மிச்சம் இருப்பது வெறும் செவ்வகம். யாழ்ப்பாணத்துப் பட்டங்களில் கட்டுகிற விண் விஷயத்திலும் இதே கதை. வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் அதிர்ந்து கூவ வேண்டும். அழகுக்காகத் தளர்வாகக் கட்டினால் சத்தம் வராது, பட்டத்தின் தலையில் கனம் மட்டும் ஏறும். தாய்லாந்தின் சுலா, பக்பாவ் இரண்டும் போட்டிக்காகப் பிறந்தவை. சுலா பெரிய ஐந்துமுனை நட்சத்திரம், பக்பாவ் வால் வைத்த சிறிய பட்டம். பக்பாவுக்கு வால் அசிங்கம் என்று வெட்டிவிடாதீர்கள்.

எல்லாமே சீனாவிலிருந்து வந்தது என்று எழுதுவது

சீனாவின் இடம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் இந்தோனேசியாவின் மூனா தீவில் காய்ந்த இலைகளைக் கோத்துக் கட்டுகிறார்கள், நியூசிலாந்தின் மாவோரிகள் மரப்பட்டைத் துணியில் கட்டினார்கள். காகிதமே இல்லாத பட்டங்கள் இவை. கண்காட்சிக் குறிப்பு எழுதும்போது இவர்களையும் சேருங்கள்.

சூத்திரக் கயிற்றைக் கண்ணளவில் கட்டுவது

சட்டத்தையும் பறக்கவிடும் நூலையும் இணைக்கிற கயிறு இது. கண்ணளவு கூடாது. அளந்து கட்டுங்கள்.

லாமினேட் செய்வது

வேண்டவே வேண்டாம்.

நைலான் மாஞ்சா

பறவைகளின் சிறகும் மனிதர்களின் கழுத்தும் அறுபட்ட பிறகுதான் 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதை இந்தியா முழுவதும் தடை செய்தது. பாரம்பரியம் என்று சொல்லி இதை என்னிடம் கொண்டுவராதீர்கள். பருத்தி நூல் போதும்.