புது மோட்டார்ஹோமா? முதல் இரண்டு இரவு டீலர் ஊரிலேயே தங்குங்கள்

பிரிட்டனில் புது மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வண்டி) எடுப்பவர்கள், சாவி வந்ததும் தூரப் பயணம் கிளம்பாமல், டீலருக்குப் பக்கத்து கேம்ப்சைட்டில் இரண்டு இரவு தங்குங்கள். ஹீட்டர், அடுப்பு, கழிப்பறை, கூரை ஜன்னல் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பாருங்கள். ஃபிரிட்ஜை கேஸிலும் ஓட்டுங்கள், கரண்டிலும் ஓட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, குழாய் இணைப்புகளின் அடியில் கையால் தடவிப் பாருங்கள். சின்னக் கசிவு கண்ணை விடக் கைக்குத்தான் சீக்கிரம் தெரியும். கண்ட குறைகளைப் படத்தோடு அன்றே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 30 நாள்தான் அவகாசம். பழுதுபார்க்க விட்டிருக்கும் நாட்கள் அதில் சேராது. அப்புறம் என்றால், சரிசெய்ய டீலருக்கு முதலில் ஒரு வாய்ப்பு கொடுத்தாக வேண்டும். பணம் திரும்பினாலும் ஓட்டியதற்குக் கழித்துக்கொள்ளலாம். "வண்டி தயாரித்த கம்பெனியிடம் கேளுங்கள்" என்று டீலர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்றவர் அவர், சட்டப்படி பொறுப்பும் அவருடையது.

தனி ஆளிடம் பழைய வண்டி வாங்கினாலோ, தொழிலுக்காக வாங்கினாலோ இந்த 30 நாள் உரிமை கிடையாது. வாங்கும் முன்பே டீலர் காட்டிச் சொன்ன குறைக்கும் பொருந்தாது.